சேறு கொட்டிய கடலில் எதை அளக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: ஒரு துறைமுகத்தின் கப்பல் வழியில் தூர்வாரி எடுத்த மாசடைந்த சேறு கடலில் கொட்டப்பட்டது. அதன் கண்காணிப்பு அறிக்கை, கொட்டிய இரண்டு நாட்களுக்குள் நீரின் கலங்கல் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதாகக் காட்டி, ‘சுற்றுச்சூழல் பாதிப்பு எதுவும் காணப்படவில்லை’ என்று முடிகிறது. இதை ஏற்கலாமா? முறையான கண்காணிப்பு என்றால் எப்படி இருக்க வேண்டும்?

அந்த அறிக்கை சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்க வேண்டிய கேள்விக்கு அது விடையாகாது. கலங்கல் கண்ணுக்குத் தெரியும், அளப்பதற்கும் எளிது, படகிலிருந்து கருவியை இறக்கினால் சில நிமிடங்களில் எண் கிடைத்துவிடும். மாசு போய்ச் சேர்வதோ கடலின் அடியில். அங்கே அது எவ்வளவு பரப்பில், எவ்வளவு தடிமனில் கிடக்கிறது, அதில் வாழும் புழுவுக்கும் மட்டிக்கும் என்ன ஆகிறது, அடுத்த பெரும் புயலுக்குப் பிறகும் அது அங்கேயே இருக்குமா என்பவை மாதங்களிலும் ஆண்டுகளிலும் விடை தேட வேண்டிய கேள்விகள். இரண்டு நாள் கலங்கல் அளவீட்டை வைத்து அவற்றுக்கு முடிவு எழுதுவது, நோயாளியின் காய்ச்சலை மட்டும் பார்த்துவிட்டு எலும்பு முறிவு இல்லை என்று சான்று கொடுப்பதைப் போன்றது.

முதலில் சேற்றைப் பற்றி. துறைமுகத்துக்குள் நீரோட்டம் தளர்வதால் அங்கே படிவது பெரும்பாலும் 63 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள்கள். துகள் நுண்ணியதாக ஆக ஆக, அதன் எடைக்கு ஏற்ற புறப்பரப்பு பெருகும். கரிமப் பொருளும் அதனுடன் சேர்ந்தே படியும். பாதரசம், காட்மியம், ஈயம், செம்பு போன்ற உலோகங்களும், பிசிபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் குளோரின் ஏறிய சேர்மங்களும், எண்ணெயும் நிலக்கரியும் எரிவதால் வரும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் இந்த நுண்துகளையும் கரிமப் பொருளையும்தான் பற்றிக்கொள்கின்றன. கப்பலின் அடிப்பகுதியில் உயிரினங்கள் ஒட்டாமல் இருக்கப் பூசிய வண்ணத்தில் இருந்த டிரைபியூட்டைல் டின் தனிக் கதை. கப்பல்களில் அதன் பயன்பாட்டைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை 2001இல் உருவாகி 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கப்பல் பட்டறைகளை ஒட்டிய சேற்றில், காற்றுப் படாத ஆழத்தில், அது இன்றும் மெதுவாகவே சிதைகிறது. ஆகவே தூர்வாரும்போது மேலே வருவது இன்றைய மாசு மட்டுமன்று. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய தொழிற்சாலைகளின் கணக்கும் அதனுடன் எழுந்து வருகிறது.

கடலில் எதையும் கொட்டுவதை ஒழுங்குபடுத்தும் அடிப்படை ஆவணம் 1972ஆம் ஆண்டின் லண்டன் உடன்படிக்கை. அதைக் கடுமையாக்கிய 1996ஆம் ஆண்டின் நெறிமுறை 2006 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பழைய உடன்படிக்கை எதைக் கொட்டக் கூடாது என்று பட்டியலிட்டது. நெறிமுறை அதைத் தலைகீழாக்கி, பட்டியலில் உள்ளவற்றைத் தவிர வேறெதையும் கொட்டக் கூடாது என்றது. தூர்வாரிய சேறு அந்த அனுமதிப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பட்டியலில் இருப்பதே அனுமதி ஆகிவிடாது. ஒவ்வொரு முறையும் சேற்றின் தன்மையை ஆராய்ந்து, நிலத்திலேயே பயன்படுத்தவோ சேமிக்கவோ வழி உண்டா என்று பார்த்து, எஞ்சியதற்கு மட்டுமே உரிமம் தர வேண்டும் என்பது அதன் மதிப்பீட்டு நெறி.

அந்த நெறியில், கண்காணிப்பைப் பற்றிய என் பார்வையை மாற்றிய ஒரு கருத்து உண்டு. உரிமம் தருவதற்கு முன்பே, இந்தச் சேற்றை இந்த இடத்தில் கொட்டினால் என்ன நேரும் என்ற எதிர்பார்ப்பை, பிற்பாடு பொய்ப்பிக்கக் கூடிய வடிவில் எழுதிவைக்க வேண்டும். அதைப் பாதிப்புக் கருதுகோள் என்பார்கள். கண்காணிப்பு இரண்டாகப் பிரிகிறது. உரிம நிபந்தனைகளின்படி நடந்தார்களா என்பதைப் பார்ப்பது ஒன்று. உரிமம் தந்தபோது செய்த அனுமானங்கள் சரியா, போதுமானவையா என்பதைக் கடலில் இறங்கிச் சோதிப்பது மற்றொன்று. முதலாவது கணக்குத் தணிக்கை, இரண்டாவதுதான் அறிவியல். நான் படித்த பலவீனமான அறிக்கைகளில் பெரும்பாலும் காணாமல் போவது இரண்டாவதுதான். எதை எதிர்பார்த்தோம் என்று எங்கும் எழுதாமல், கிடைத்த எண்களையெல்லாம் அட்டவணையில் நிரப்பியிருப்பார்கள். அத்தகைய தரவு எந்த முடிவையும் மறுக்காது. எந்த முடிவுக்கும் இடம் கொடுக்கும்.

எண்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. நாடுகள் பொதுவாகக் கீழ்வரம்பு, மேல்வரம்பு என இரண்டு அளவுகளை வைத்திருக்கின்றன: கீழ்வரம்புக்குக் குறைந்தால் கவலை இல்லை, மேல்வரம்பைத் தாண்டினால் திறந்த கடலில் கொட்டக் கூடாது, இடைப்பட்டதை உயிரியல் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கனடாவின் விதிகளில் கீழ்வரம்பு, உலர் எடையில் கிலோவுக்குக் காட்மியம் 0.6 மில்லிகிராம், பாதரசம் 0.75 மில்லிகிராம், மொத்தப் பிசிபி 0.1 மில்லிகிராம், மொத்தப் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் 2.5 மில்லிகிராம். இதன் பக்கத்தில், அமெரிக்காவில் 1995இல் வெளியாகி உலகெங்கும் எடுத்தாளப்படும் வழிகாட்டி மதிப்புகளை வைத்துப் பாருங்கள். பல ஆய்வுகளில் உயிரினப் பாதிப்பு பதிவான செறிவுகளை வரிசைப்படுத்தி, அவற்றில் கீழ்ப் பத்து சதவீதப் புள்ளியையும் நடுப்புள்ளியையும் எடுத்தார்கள். பாதரசத்துக்கு அவை 0.15, 0.71 மில்லிகிராம். அதாவது ஓரிடத்தில் ‘இதற்குக் கீழே கவலை வேண்டாம்’ என்று நிற்கும் எண், இன்னோரிடத்தில் ‘இதற்கு மேலே பாதிப்பு அடிக்கடி காணப்படும்’ என்ற எண்ணைவிடச் சற்று அதிகம். இரண்டில் ஒன்று பிழை என்று இதற்குப் பொருளில்லை. வழிகாட்டி மதிப்புகளை உருவாக்கியவர்களே பாதரசத்தில் அவற்றின் கணிப்புத் திறன் குறைவு என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ‘அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருந்தது’ என்ற ஒற்றை வரி, எந்த வரம்பு, எதற்காக வகுத்த வரம்பு என்று சொல்லாதவரை எதையும் சொன்னதாகாது.

இனி, சேறு விழும் விதம். பார்ஜ் எனப்படும், அடி திறக்கும் சேற்றுச் சுமைப்படகு ஒன்று தன் சுமையை விடும்போது, சேறு மழைத்துளிகளைப் போலச் சிதறி இறங்குவதில்லை. சுற்றியுள்ள நீரைவிடக் கனமான ஒரே திரளாக, வழியில் நீரை உள்ளிழுத்துக்கொண்டே கீழே பாய்கிறது. அடியில் மோதியதும் பக்கவாட்டில் விரிந்து, கடலடியை ஒட்டிய அடர்ந்த ஓட்டமாகப் பரவி, வேகம் தணிந்தபின் படிகிறது. இவை முடிய ஆழத்தைப் பொறுத்து நிமிடங்களே ஆகும். வழியில் திரளிலிருந்து பிரிந்து நீரில் மிதந்து போவது பொதுவாகச் சில சதவீதம் மட்டுமே. இந்தச் சில சதவீதத்தைத்தான் கலங்கல் மானி பார்க்கிறது. மீதி தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதம் அதன் பார்வைக்கு வருவதே இல்லை. ஆகவே இரண்டு நாளில் நீர் தெளிந்தது என்பது இயற்பியலின்படி எதிர்பார்க்க வேண்டியதுதான். தெளியாமல் போயிருந்தால்தான் அது செய்தி. இதனால் நீரை அளக்கவே வேண்டாம் என்றும் ஆகிவிடாது. பவளத்திட்டோ கடற்புல் படுகையோ அருகில் இருந்தால் அந்தச் சில சதவீதமே ஒளியை மறைத்துக் கேடு செய்யும். அங்கே கலங்கல் மானியையும், ஒலி எதிரொலியின் வலிமையைக் கொண்டு சேற்றுப் புகையின் வடிவத்தைத் தேடும் நீரோட்டமானியையும் இடைவிடாமல் இயக்க வேண்டும்.

பார்ஜ் உண்மையில் எங்கே கொட்டியது என்பது இதைவிட எளிய கேள்வி, ஆனால் பல தளங்களில் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருந்திருக்கிறது. எரிபொருளையும் நேரத்தையும் மிச்சப்படுத்த, குறித்த இடத்தை அடைவதற்கு முன்பே அடியைத் திறந்துவிடும் ஆசை எந்த ஒப்பந்தக்காரருக்கும் வரலாம். இன்று செயற்கைக்கோள் இடங்காட்டியையும், கலம் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழத்தைப் பதியும் உணரியையும் இணைத்துவிட்டால் போதும். சுமை குறைந்து கலம் திடீரென மேலெழும்பும் கணமும் இடமும் தானாகவே பதிவாகிவிடும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை இத்தகைய தானியங்கிப் பதிவைத் தன் தூர்வாரும் ஒப்பந்தங்களில் பல ஆண்டுகளாகக் கையாள்கிறது. இந்தப் பதிவு இணைக்கப்படாத அறிக்கையில் மற்ற எல்லா மாதிரிகளும் சரியான இடத்தில் எடுக்கப்பட்டவையா என்பதே ஐயத்துக்குரியது, ஏனென்றால் சேறு கிடக்கும் இடம் வேறாக இருக்கலாம்.

கொட்டிய சேற்றைக் கடலடியில் கண்டுபிடிப்பதுதான் இந்தத் துறையின் நுட்பமான பகுதி. கொட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒலி அலைகளை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் பல்கற்றை எக்கோ சவுண்டரால் ஆழத்தை அளந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் புதிய மேட்டின் உருவம் கிடைக்கும். படம் அழகாக இருக்கும். அதனாலேயே அது ஏமாற்றவும் செய்யும். சில பத்து மீட்டர் ஆழத்தில் இரண்டு அளவெடுப்புகளின் வேறுபாட்டில் பத்து, இருபது சென்டிமீட்டர் பிழை இயல்பாகவே ஒளிந்திருக்கிறது. ஓதத் திருத்தம், நீரில் ஒலியின் வேகம், கலத்தின் ஆட்டம் எல்லாம் அதில் பங்குகொள்கின்றன. மேட்டின் நடுப்பகுதி தெளிவாகத் தெரியும். அதன் விளிம்பிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் பரவிக் கிடக்கும் மெல்லிய சேற்றுப் பாவாடை வரைபடத்தில் இருக்கவே இருக்காது. உயிரினங்கள் அதிகப் பரப்பில் எதிர்கொள்வதோ அந்த மெல்லிய பாவாடையைத்தான்.

இந்த இடைவெளியை நிரப்பியது, அமெரிக்கக் கடலடி ஆய்வாளர் டொனால்ட் ரோட்ஸ் முன்னெடுத்த படிவு வெட்டுமுகப் படக்கருவி. தலைகீழாகத் திருப்பிய பெரிஸ்கோப்பைப் போன்ற ஒரு முப்பட்டகம், சட்டகத்துடன் கடலடியில் இறங்கி, சேற்றுக்குள் சுமார் இருபது சென்டிமீட்டர் வரை மெல்ல நுழைந்து, அந்தச் செங்குத்து வெட்டுமுகத்தைப் படமெடுக்கிறது. புதிதாக விழுந்த கருஞ்சேறு பழைய பழுப்பு மண்ணின் மேல் இரண்டு சென்டிமீட்டர் மட்டுமே கிடந்தாலும் கோடு போட்டதுபோல் தெரியும். ஆக்சிஜன் ஊடுருவிய வெளிர்நிற மேலடுக்கு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, புழுக்களின் வளைகள் எங்கே இருக்கின்றன, மீத்தேன் குமிழ்கள் உண்டா என்பதும் தெரியும். எக்கோ சவுண்டர் கோட்டைவிடும் இருபது சென்டிமீட்டரைத்தான் இந்தக் கருவி பார்க்கிறது என்ற பொருத்தம் தற்செயலாக வாய்த்ததா என்று வியப்பதுண்டு. அமெரிக்காவின் வடகிழக்கே உள்ள நியூ இங்கிலாந்துக் கடற்கரையின் கொட்டுதளங்களை 1977 முதல் தொடர்ந்து கவனித்துவரும் டேமாஸ் என்ற திட்டம் இந்த இரண்டையும் இணைத்தே தன் வரைபடங்களை உருவாக்குகிறது.

ஆழ வரைபடத்தைப் படிப்பதில் இன்னொரு பிழை உண்டு. ஓராண்டு கழித்து மேட்டின் உயரம் குறைந்திருந்தால் சேறு அரித்துச் செல்லப்பட்டது என்று எழுதிவிடுகிறார்கள். புதுச் சேற்றில் நீரே அதிகம். அது தன் எடையிலேயே அமுங்கி, நீரை வெளியே தள்ளி, இறுகுகிறது. அமுங்கலும் அரிப்பும் ஆழ வரைபடத்தில் ஒரே மாதிரி தெரியும். உருளைக் குழாய் செருகி எடுக்கும் ஆழ்மாதிரியில் அடுக்குகளின் வரிசையையும் அடர்த்தியையும் பார்த்தால்தான் எது நடந்தது என்பது விளங்கும். இதைச் செய்யாமல் அரிப்பு என்று எழுதுவதும் தவறு, அமுங்கல்தான் என்று சமாதானம் சொல்வதும் தவறு.

வேதியியலுக்கு வருவோம். மேற்பரப்பில் கிராப் என்ற அள்ளுகருவி கொண்டு எடுத்த மாதிரியில் காட்மியம் குறைந்துவிட்டது என்றால் மகிழ்வதற்கு முன், அந்த மாதிரியில் மணல் எவ்வளவு என்று கேட்க வேண்டும். மணல் கூடினாலே செறிவு குறையும். ஆகவே நுண்துகள் பகுதியை மட்டும் சலித்து அளப்பார்கள், அல்லது களிமண்ணின் அளவைக் குறிக்கும் அலுமினியம், லித்தியம் போன்ற தனிமங்களோடு உலோகத்தையும், கரிமக் கார்பனோடு பிசிபி போன்றவற்றையும் விகிதப்படுத்துவார்கள். இந்தச் சமன்படுத்தல் இல்லாத ஒப்பீடு மண்ணின் பருமனை ஒப்பிடுகிறதே தவிர மாசை ஒப்பிடவில்லை.

சமன்படுத்திய பிறகும், மொத்தச் செறிவு என்பது ஆபத்தின் அளவாகாது. ஆக்சிஜன் அற்ற சேற்றில் உலோகங்கள் சல்பைடோடு பிணைந்து கரையாமல் கிடக்கும். அதே சேறு கிளறப்பட்டு ஆக்சிஜன் பட்டால் சல்பைடு சிதைந்து ஒரு பகுதி விடுபடும். பிசிபியும் புகைக்கரி போன்ற கார்பனை இறுகப் பற்றியிருந்தால் உயிரினத்துக்கு எளிதில் எட்டாது. உண்மையில் எட்டுவது துகள்களுக்கு இடையே உள்ள நுண்துளை நீரில் கரைந்திருக்கும் பங்கு. அதை அளக்க இப்போது பாலிஎத்திலீன் போன்ற நெகிழிப் படலங்களைச் சேற்றில் வாரக்கணக்கில் செருகிவைத்து, அவை ஈர்த்துக்கொண்ட அளவிலிருந்து கரைந்த செறிவைக் கணக்கிடுகிறார்கள். உலோகங்களுக்கு ஜெல் படலங்கள். மலிவான முறையன்று, ஆய்வகத்தின் பொறுமையையும் சோதிக்கும். எனினும் பணம் ஓரிடத்தில்தான் செலவிட முடியும் என்ற நிலையில், ஐம்பது மொத்தச் செறிவு எண்களைக் குறைத்துக்கொண்டு பத்து நுண்துளை நீர் எண்களைப் பெறுவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

உயிரினங்கள் இந்தச் சங்கதியின் மையம். ஆனால் அங்கேதான் காரணத்தைப் பிரித்தறிவது மிகக் கடினம். தூய்மையான சேற்றைக் கொட்டினாலும் அடியில் வாழ்பவை புதைந்து சாகும். அதற்குப் பின் கேபிட்டெல்லா போன்ற சிறு பல்சுணைப் புழுக்கள் சில வாரங்களில் பெருகும். மாதங்கள் கழித்துக் குழாய்வாசிகள் வரும். ஆழமாக வளை தோண்டுபவை திரும்ப ஓராண்டோ அதற்கும் மேலோ ஆகும். மாசு இந்த வரிசையை நிறுத்திவைக்கும் அல்லது பின்னோக்கித் தள்ளும். எனவே கொட்டிய மூன்றாவது மாதத்தில் உயிரின எண்ணிக்கை அருகிலுள்ள தளத்தைவிட அதிகம் என்று ஓர் அறிக்கை பெருமைப்பட்டால், அது நலத்தின் அறிகுறியா, வாய்ப்பைப் பயன்படுத்தும் ஒரே வகைப் புழுவின் பெருக்கமா என்று இனப் பட்டியலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மீட்சியின் வேகம் எதிர்பார்த்ததைவிடத் தாமதமானால், அப்போது சேற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

1980களின் நடுவில் ஆய்வாளர்கள் எட்வர்ட் லாங்கும் பீட்டர் சாப்மனும் முன்வைத்த மும்முனை முறை இதற்காகவே உருவானது: அதே மண்ணின் வேதியியல், அதே மண்ணில் ஆய்வகத்தில் வளர்த்த உயிரினங்களின் இறப்பு, அதே இடத்தில் இயற்கையாக வாழும் சமூகம். மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் முடிவு உறுதி. ஒன்று விலகினால் ஏன் என்று தேட வேண்டும். ஆய்வகச் சோதனையில் ஆம்பிபாட் எனப்படும் சிறு ஓட்டுயிரியைப் பத்து நாட்கள் அந்த மண்ணில் விட்டு எத்தனை பிழைத்தன என்று எண்ணுகிறார்கள். மட்டியையும் புழுவையும் 28 நாட்கள் வளர்த்து, அவற்றின் தசையில் மாசு எவ்வளவு ஏறியது என்று பார்க்கிறார்கள். களத்தில், கூண்டிலிட்ட மட்டிகளை நீரில் தொங்கவிட்டு அதே கேள்வியைக் கேட்கலாம். டிரைபியூட்டைல் டின்னுக்கு இயற்கையே ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது: லிட்டருக்கு ஒரு நானோகிராம் என்ற அளவிலேயே சில கடல் நத்தைகளின் பெண்களில் ஆண் உறுப்பு முளைக்கத் தொடங்கும். பல கருவிகள் தடுமாறும் செறிவை ஒரு நத்தை காட்டிவிடுகிறது.

மாசு அதிகமான சேற்றைத் திறந்த கடலில் விடாமல், கடலடியிலேயே அடைத்துவைக்கும் முறைகள் வந்தபோது கண்காணிப்பின் கேள்வியும் மாறியது. 1979இல், அமெரிக்காவின் ஸ்டாம்ஃபோர்டு துறைமுகத்து மாசடைந்த சேற்றை லாங் ஐலண்ட் சவுண்ட் என்ற கடற்பகுதியின் நடுவில் இரண்டு மேடுகளாகக் கொட்டி, ஒன்றின் மேல் மணலையும் மற்றொன்றின் மேல் நியூ ஹேவனில் எடுத்த தூய வண்டலையும் மூடாக்காகப் போட்டார்கள். உயிரினங்களையும் மாசையும் பிரித்துவைக்க எவ்வளவு தடிமன் தேவை என்ற கணக்கில் முதல் எதிரி புழுக்களே: உலகளாவிய அளவீடுகளின் சராசரிப்படி உயிரினங்கள் மண்ணைக் கலக்கும் ஆழம் சுமார் பத்து சென்டிமீட்டர், ஆனால் வளை தோண்டும் சில இறால் வகைகள் ஒரு மீட்டருக்கும் கீழே போகும். நியூயார்க் துறைமுகத்துக்கு வெளியே இருந்த பழைய கொட்டுதளம் 1997 செப்டம்பரில் மூடப்பட்டு, மாசடைந்த பரப்பைக் குறைந்தது ஒரு மீட்டர் தூய மண்ணால் மூடும் சீரமைப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

பாஸ்டன் துறைமுகத்தின் அனுபவம், என் கணிப்பில், கண்காணிப்பு தன் கூலியை ஈட்டிய மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கே கப்பல் வழியின் அடியிலேயே ஆழமான குழிகளைத் தோண்டி, மாசடைந்த சேற்றை இட்டு, மேலே மணல் மூடினார்கள். 1997இல் முதல் குழியை மூடியபின் எடுத்த ஆழ்மாதிரிகளும் ஒலிப் படங்களும், மணல் சீரான அடுக்காக அமையவில்லை என்று காட்டின. கூழ் போன்ற சேற்றின் மேல் விழுந்த மணல் சில இடங்களில் அதற்குள்ளேயே கலந்துபோயிருந்தது. அடுத்த கட்டக் குழிகளில் சேறு தன் எடையில் இறுகக் கூடுதல் காலம் கொடுத்துவிட்டு மணலை இட்டார்கள். முதல் குழியில் நீரின் கலங்கலை மட்டும் அளந்திருந்தால், அதே பிழை எல்லாக் குழிகளிலும் நடந்திருக்கும். அறிக்கையும் பாதிப்பு இல்லை என்றே முடிந்திருக்கும்.

ஹாங்காங் 1992 முதல் ஷா சாவ் தீவுக்குக் கிழக்கே கடலடிக் குழிகளில் மாசடைந்த சேற்றை அடைத்துவருகிறது. அங்கே சேற்றைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். அருகில் வெண்டால்பின்கள் வாழ்வதால், மீன்களின் தசையில் உள்ள மாசிலிருந்து மனிதருக்கும் டால்பினுக்கும் வரக்கூடிய ஆபத்தைக் கணக்கிடுவதும் கண்காணிப்பில் அடங்கும். ஆஸ்லோவில் 2006 முதல் 2008 வரை துறைமுகச் சேற்றை மால்மய்கால்வன் என்ற, சுமார் எழுபது மீட்டர் ஆழமுள்ள இயற்கைப் பள்ளத்தில் குழாய் வழியாக அடிவரை இறக்கி, பின்னர் மணலால் மூடினார்கள். பள்ளத்திலிருந்து மாசு வெளியேறுகிறதா என்பது அங்கே பெரும் பொது விவாதமானது. பள்ளத்தின் விளிம்புகளில் கலங்கல் மானிகள் வேலை நடக்கும்போதே தரவு அனுப்பின. கலங்கல் அளவீட்டை நான் வெறுக்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம்: இங்கே கேள்வியே ‘துகள்கள் பள்ளத்தைத் தாண்டுகின்றனவா’ என்பதுதான், ஆகவே அந்தக் கருவியே பொருத்தமானது.

புள்ளியியல் பற்றிச் சுருக்கமாகவாவது சொல்லாமல் இருக்க முடியாது. கொட்டிய இடத்தை மட்டும் முன்னும் பின்னும் அளந்தால், இடைப்பட்ட காலத்தில் கடல் முழுவதிலும் நேர்ந்த மாற்றம் சேற்றின் தலையில் விழும், அல்லது சேற்றின் விளைவு பருவத்தின் கணக்கில் மறையும். ஒரே ஆழம், ஒரே மண் பருமன் கொண்ட ஒப்பீட்டுத் தளங்கள் வேண்டும். ஒன்று போதாது, ஏனெனில் எந்த இரண்டு இடங்களும் தமக்குள் வேறுபடும். அதற்கும் மேலாக, ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்ற முடிவை மூன்று மாதிரிகளைக் கொண்டு பெற்றுவிடலாம்; மாதிரி குறையக் குறைய அந்த முடிவு எளிதாகும். பாதிப் பங்கு உயிரினங்கள் அழிந்திருந்தாலும் இந்த வடிவமைப்பு அதைக் கண்டுபிடித்திருக்குமா என்ற கணக்கு அறிக்கையில் இல்லையென்றால், அந்த வாக்கியத்துக்கு எடை கொடுக்க வேண்டியதில்லை.

எவ்வளவு காலம் கண்காணிப்பது, யார் செலவில் என்பவை அடுத்த கேள்விகள். கனடாவில் 1999இல் கொண்டுவந்த முறைப்படி, கொட்ட அனுமதித்த ஒவ்வோர் ஆயிரம் கன மீட்டருக்கும் 470 கனடா டாலர் கட்டணம் வசூலித்து, அதைக் கொட்டுதளங்களின் கண்காணிப்புக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். கொட்டுபவரே தன் தளத்தைத் தானே சோதித்துச் சான்று தரும் ஏற்பாட்டைவிட இது மேல். காலத்தைப் பொறுத்தவரை ஆண்டு எண்ணிக்கையைவிட நிகழ்வுகள் முக்கியம். கொட்டிய உடனே ஒருமுறை, உயிரினங்கள் திரும்பியிருக்க வேண்டிய ஓராண்டில் ஒருமுறை, அதன்பின் அமைதியான ஆண்டுகளில் அரிதாக, பெரும் புயல் கடந்தால் தவறாமல் உடனடியாக. ஒவ்வொரு கட்டத்திலும் எந்த எண்ணைத் தாண்டினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும்: மூடாக்கு இந்தத் தடிமனுக்குக் கீழே போனால் மணல் சேர்ப்பது, தசையில் மாசு இந்த அளவைத் தொட்டால் கொட்டுவதை நிறுத்துவது என்பது போல. அது எழுதப்படாத இடத்தில் மோசமான எண் வந்தாலும், மேலும் ஆய்வு தேவை என்ற வரியோடு கோப்பு மூடிவிடும்.

ஆகவே, கையில் உள்ள அறிக்கையைத் திருப்பி அனுப்ப வாய்ப்பிருந்தால் இவற்றைக் கேளுங்கள். உரிமத்துக்கு முன் எழுதிய பாதிப்புக் கருதுகோளின் படி. பார்ஜ்களின் இடமும் அமிழ்வு ஆழமும் பதிந்த கோப்பு. கொட்டுவதற்கு முன் எடுத்த ஆழ வரைபடமும் பின் எடுத்ததும், அவற்றின் பிழை வரம்போடு. மேட்டின் விளிம்புக்கு வெளியே மெல்லிய சேற்றைத் தேடியதற்கான படங்கள் அல்லது ஆழ்மாதிரிகள். நுண்துகளால் சமன்படுத்திய செறிவுகள். ஒப்பீட்டுத் தளங்களின் இனப் பட்டியல். முதலாவது இல்லையென்றால் மற்றவற்றை எதனோடு ஒப்பிடுவது என்பதே தெரியாது. கொட்டுவதற்கு முந்தைய அளவெடுப்பு இல்லையென்றால் நிலைமை இன்னும் கடினம், ஏனெனில் அதைப் பின்னால் போய் எடுக்க முடியாது. அப்போது ஆழ்மாதிரிகளில் பழைய கடலடியின் மேற்பரப்பைத் தேடி, அதற்கு மேலே கிடப்பதையும் கீழே கிடப்பதையும் தனித்தனியே ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் எஞ்சியுள்ள வழி.